பழைய லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து பூட் ஆகவில்லையா? கோளாறு எங்கே என்று பார்த்துச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

பவர் பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, கம்பெனி லோகோவும் வந்து போகிறது. அதற்குப் பிறகு கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி. விண்டோஸ் வரவே இல்லை. சுமார் 2007 முதல் 2014 வரை வந்த, 2.5 அங்குல சாட்டா (டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் முறை) டிஸ்க் உள்ள லேப்டாப்களில் அடிக்கடி வரும் கோளாறு இது. திரையில் எதுவுமே தெரியாத லேப்டாப்புக்கு இந்த வழிகாட்டி பொருந்தாது. அது ராம், போர்டு, டிஸ்ப்ளே சார்ந்த வேறு பிரச்சினை.

இந்த இடத்தில் பலரும் முதலில் செய்வது, விண்டோஸ் பென் டிரைவைச் செருகி ஃபார்மேட் அடிப்பது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். டிஸ்க் சாகக் கிடந்தால் இன்ஸ்டலேஷன் பாதியில் நின்றுவிடும். உள்ளே இருந்த படங்களும் கோப்புகளும் போய்விடும். டிஸ்க் நன்றாக இருந்தால் ஃபார்மேட்டே தேவைப்படாது. பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும், போர்டிலேயே இருக்கும் நிரல்) ஒரு செட்டிங்கை மாற்றினால் முடிந்துபோகும் வேலையாகக்கூட இருக்கலாம். பூட் ஆகும் சங்கிலி எந்த இடத்தில் அறுந்தது என்று தெரியும்வரை டிஸ்க்கில் எதையும் எழுதக் கூடாது. கீழே உள்ள வரிசை முழுக்க இதை வைத்துத்தான் போகிறது.

கையில் இருக்க வேண்டியவை: சிறிய பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர் (0, 1 எண் இரண்டும்), 8 ஜிபி பென் டிரைவ், சாட்டாவை யூஎஸ்பியாக மாற்றும் கேபிள், நல்ல நிலையில் ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர், கோப்புகளை இறக்கி வைக்க வேறொரு டிஸ்க். மல்டிமீட்டரும் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் இருந்தால் நல்லது.

திரையில் வரும் வரியை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்

பூட் ஆவது ஒரு கைமாற்று வேலை. பயாஸ் டிஸ்க்கைத் தேடிப் பிடிக்கிறது. பெரும்பாலான பழைய லேப்டாப்களில் அதன் முதல் 512 பைட்டைப் படிக்கிறது. அதில் இருக்கும் சின்ன நிரல் ஆக்டிவ் பார்ட்டிஷனை (பூட் செய்வதற்கென்று குறித்து வைத்த பகுதியை) கண்டுபிடிக்கிறது. அங்கிருந்து விண்டோஸின் பூட் மேனேஜரோ லினக்ஸின் கிரப்போ பொறுப்பை வாங்கிக்கொள்கிறது. எந்தக் கை தவறவிட்டது என்பதைத் திரையில் வரும் வரியே சொல்லிவிடும்.

“நோ பூட்டபிள் டிவைஸ்”, “ஆப்பரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்” என்று வந்தால் இரண்டு வாய்ப்பு: பயாஸுக்கு டிஸ்க்கே தெரியவில்லை, அல்லது டிஸ்க் தெரிந்தும் அதன் தொடக்கத்தில் பூட் நிரல் இல்லை. ஹெச்பியில் இதே செய்தி 3எஃப்0 என்ற குறியோடு வரும். திங்க்பேடில் 2100 என்று வந்தால் டிஸ்க்கோடு பேசவே முடியவில்லை என்று அர்த்தம். டெல்லில் 2000-0142, ஹெச்பியில் ஸ்மார்ட் (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே கண்காணிக்கும் வசதி) எச்சரிக்கையோடு 301 ஆகிய இரண்டும் டிஸ்க்கே தன்னைச் சோதித்துத் தோற்றதைச் சொல்பவை. இவை வந்தால் நேராகக் கோப்புகளைக் காப்பாற்றும் பகுதிக்குப் போய்விடுங்கள்.

“பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்” (எக்ஸ்பியில் “என்டிஎல்டிஆர் இஸ் மிஸ்ஸிங்”), “கிரப் ரெஸ்க்யூ” போன்றவை நல்ல செய்திகள். டிஸ்க் பேசுகிறது, முதல் செக்டாரும் (அந்த 512 பைட்) படிக்கப்பட்டுவிட்டது. பெரும்பாலும் கழற்றாமலே சரிசெய்யலாம். “எ டிஸ்க் ரீட் எரர் அக்கர்ட்” வந்தால் டிஸ்க்கின் மேல்தான் சந்தேகம் விழ வேண்டும்.

“பிஎக்ஸ்இ-இ61: மீடியா டெஸ்ட் ஃபெய்லியர், செக் கேபிள்” என்ற வரி நிறையப் பேரைக் குழப்பிவிடும். அது சொல்லும் கேபிள் டிஸ்க் கேபிள் அல்ல, நெட்வொர்க் கேபிள். டிஸ்க்கிலிருந்து பூட் ஆக முடியாததால் பயாஸ் வரிசையில் அடுத்ததாக நெட்வொர்க்கை முயன்றிருக்கிறது, அவ்வளவுதான்.

பயாஸுக்குள் போய்ப் பாருங்கள்

முதலில், செருகியிருக்கும் பென் டிரைவ், மெமரி கார்டு, டிவிடி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பூட் வரிசையில் யூஎஸ்பி மேலே இருந்து, பூட் ஆகாத பென் டிரைவ் ஒன்று செருகியிருந்தால், சில பயாஸ்கள் அங்கேயே நின்றுவிடும். அடுத்து சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் இணைத்து ஆன் செய்யுங்கள்.

ஆன் செய்த உடனே டெல், ஏசர், ஆசுஸ், சாம்சங், தோஷிபா லேப்டாப்களில் எஃப்2, ஹெச்பியில் எஸ்கேப் அழுத்தி எஃப்10, திங்க்பேடில் எஃப்1. லோகோ வருவதற்கு முன்பிருந்தே விட்டுவிட்டுத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே மெயின், இன்ஃபர்மேஷன் அல்லது ஸ்டோரேஜ் பக்கத்தில் டிஸ்க்கின் மாடல் பெயரும் கொள்ளளவும் தெரிகிறதா என்று பாருங்கள். இனிச் செய்யப்போவதெல்லாம் இந்த ஒரு பதிலைப் பொறுத்தது.

பெயரும் அளவும் சரியாகத் தெரிந்தால் அடுத்த பகுதியைப் பாருங்கள். “நன்” (எதுவும் இல்லை) என்றோ காலியாகவோ இருந்தால் லேப்டாப்பைக் கழற்ற வேண்டும். பெயர் சிதைந்தோ கொள்ளளவு 0 என்றோ காட்டினால் டிஸ்க்கின் உட்புறச் சர்க்யூட் அல்லது ஃபர்ம்வேர் போய்விட்டது; வீட்டில் சரிசெய்ய முடியாது. ஒருமுறை தெரிந்து, ரீஸ்டார்ட் செய்தால் மறைவதும் உண்டு. அது கனெக்டர் தளர்ந்திருப்பதற்கோ டிஸ்க் தேய்ந்திருப்பதற்கோ அடையாளம்.

டிஸ்க் தெரிகிறது, ஆனால் பூட் ஆகவில்லை: செட்டிங்குகள்

பயாஸில் தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருந்தால் சிமாஸ் பேட்டரி (பயாஸ் செட்டிங்கைக் காக்கும், போர்டில் இருக்கும் சின்ன பேட்டரி) தீர்ந்துவிட்டது. கடிகாரத்தோடு நிற்காது இது. மின்சாரம் முழுதாகப் போகும்போதெல்லாம் பயாஸ் தன் பழைய செட்டிங்கை மறந்து, தொழிற்சாலையில் வைத்த அமைப்புக்குத் திரும்பிவிடும். நன்றாக ஓடிய லேப்டாப், பேட்டரியைக் கழற்றி ஒரு மாதம் வைத்து எடுத்தால் பூட் ஆகாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மாறிவிட்ட செட்டிங்குகளில் மூன்றைக் கவனியுங்கள்.

முதலாவது, சாட்டா மோடு, அதாவது போர்டு டிஸ்க்கோடு பேசும் விதம். ஐடிஇ, ஏஹெச்சிஐ, ரெய்டு என்று மூன்றில் ஒன்று இருக்கும். விண்டோஸ் எந்த மோடில் இன்ஸ்டால் ஆனதோ அதே மோடில்தான் ஓட எதிர்பார்க்கும். மாறியிருந்தால் விண்டோஸ் லோகோ வந்த கையோடு நீலத்திரை வந்து 0x0000007பி என்ற எண்ணைக் காட்டும். டெல்லில் பல மாடல்கள் இயல்பாக ரெய்டுக்குத் திரும்பும். ஒவ்வொரு மோடாக மாற்றி, சேவ் செய்து, பூட் ஆகிறதா என்று பாருங்கள். பூட் ஆகும் மோடு எதுவோ அதுவே பழையது. இப்படி மாற்றிப் பார்ப்பதால் டிஸ்க்கில் உள்ள எதுவும் அழியாது.

இரண்டாவது, யூஇஎஃப்ஐ (புதிய பூட் முறை) அல்லது லெகஸி (பழைய பூட் முறை). விண்டோஸ் 7 இருந்த லேப்டாப்கள் பெரும்பாலும் லெகஸி. விண்டோஸ் 8 போட்டே வந்தவை யூஇஎஃப்ஐ. மாறியிருந்தால் பூட் நிரல் டிஸ்க்கில் பத்திரமாக இருந்தும் பயாஸின் கண்ணுக்குத் தெரியாது. மூன்றாவது, பூட் வரிசை. டிஸ்க்கை முதலாவதாக வைத்து, நெட்வொர்க் பூட்டை அணைத்துவிடுங்கள்.

சரியாகிவிட்டால் சிமாஸ் பேட்டரியை மாற்றாமல் விடாதீர்கள். இல்லையென்றால் இதே கதை திரும்ப வரும். பெரும்பாலான லேப்டாப்களில் இருப்பது சிஆர்2032, 3 வோல்ட். பிளாஸ்டிக் உறை சுற்றி, இரண்டு கம்பியோடு சின்ன பிளக்கில் முடியும். மல்டிமீட்டரில் 2.7 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் மாற்ற வேண்டியதுதான். கம்பியோடு கிடைக்கும் புதிய பேட்டரியில் சிவப்பும் கறுப்பும் பழையதில் இருந்த அதே பக்கம் வருகிறதா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள். பழைய பேட்டரியின் மேல் எம்எல்1220 என்று இருந்தால் அது சார்ஜ் ஆகும் வகை. அந்த இடத்தில் சிஆர் வகையைப் போடக் கூடாது. போர்டு அதற்கு சார்ஜ் ஏற்றும். பேட்டரி வீங்கும், கசியும்.

பயாஸுக்கு டிஸ்க்கே தெரியவில்லை: கழற்றிப் பார்ப்பது

சார்ஜர், பேட்டரி இரண்டையும் எடுத்த பிறகே ஸ்க்ரூவில் கை வைக்க வேண்டும். அடிப்பக்கம் டிஸ்க் மூடி தனியாக இருந்தால் ஒன்றிரண்டு ஸ்க்ரூவோடு வேலை முடியும். டிஸ்க் அதன் உலோகச் சட்டத்தோடு இருக்கும். மேலே தூக்குவதற்கு முன் கனெக்டர் இருக்கும் திசைக்கு எதிர்ப்பக்கம் ஒரு சென்டிமீட்டர் இழுக்க வேண்டும். அப்படியே நிமிர்த்தினால் போர்டில் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு உடைந்துவிடும்.

சாட்டா கனெக்டரில் இரண்டு பகுதி இருக்கும்: 7 பின் உள்ளது டேட்டாவுக்கு, 15 பின் உள்ளது பவருக்கு. டார்ச் அடித்துப் பாருங்கள். கடற்கரை ஊர்களில் இருக்கும் லேப்டாப்களில் பின்கள் மங்கிப் பச்சை படர்ந்திருப்பது சகஜம். மென்மையான பிரஷ்ஷை ஐசோபுரொப்பைலில் தொட்டு, பின்னின் நீளவாக்கில் மட்டும் தேய்த்து, பத்து நிமிடம் காயவிடுங்கள். பென்சில் ரப்பர் வேண்டாம். அதன் தூள் இடுக்கில் தங்கும், தங்கப் பூச்சும் தேயும்.

சில மாடல்களில் டிஸ்க் நேரடியாகப் போர்டில் செருகாது. நடுவில் தட்டையான ரிப்பன் கேபிள் இருக்கும். இதன்மேல் சந்தேகம் வைப்பது நியாயம். மடங்கும் இடத்தில் வெளியே தெரியாமல் உள்ளே விரிசல் விடும். மாடல் எண்ணைச் சொன்னால் சர்வீஸ் கடைகளில் தனியாகவே கிடைக்கும். புது டிஸ்க் வாங்கும் முன் இதை மாற்றிப் பார்ப்பது செலவைக் குறைக்கும்.

இப்போது தீர்ப்புச் சொல்லும் சோதனை. கழற்றிய டிஸ்க்கை யூஎஸ்பி கேபிள் வழியாக வேறொரு கம்ப்யூட்டரில் இணைத்து, காதருகே வைத்துக் கேளுங்கள். மெல்ல சுழலத் தொடங்கும் ஓசை வந்து சீரானால் நல்லது. டிக், டிக் என்று ஒரே இடைவெளியில் தட்டினால் ஹெட் (தட்டைப் படிக்கும் முனை) பழுது, உடனே பிடுங்கிவிடுங்கள். தட்டும் டிஸ்க்கை ஓடவிடும் ஒவ்வொரு நிமிடமும் உள்ளே தட்டு கீறுகிறது. அதில் உயிரான கோப்புகள் இருந்தால் டேட்டா மீட்பு நிலையத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். ஃப்ரீசரில் வைத்து எடுக்கும் வித்தையைச் செய்யாதீர்கள். உள்ளே படியும் ஈரம் மிச்சத்தையும் கெடுத்துவிடும். ஓசையே இல்லாமல் கிடந்தால் பவர் போதாமல்கூட இருக்கலாம். சுழலத் தொடங்கும் நேரத்தில் 2.5 அங்குல டிஸ்க்குக்கு 1 ஆம்பியர் வரை தேவைப்படும், யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 0.5 ஆம்பியர். இரண்டு பிளக் உள்ள கேபிளில் முயன்று பாருங்கள்.

டிஸ்க்கின் உடல்நிலையும், கோப்புகளைக் காப்பதும்

விண்டோஸ் கம்ப்யூட்டரில் இணைத்திருந்தால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற செயலி போதும். டிஸ்க் லேப்டாப்பிலேயே இருக்கிறதென்றால் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇயை ரூஃபஸ் என்ற செயலி மூலம் பென் டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் லைவாக ஓட்டி, டிஸ்க்ஸ் என்ற செயலியைத் திறந்து ஸ்மார்ட் விவரத்தைப் பாருங்கள். பழைய லேப்டாப் என்பதால் ரூஃபஸில் எம்பிஆர் பார்ட்டிஷன் முறையைத் தேர்ந்தெடுங்கள். 32 பிட் பிராசஸர் அல்லது 1 ஜிபி ராம்தான் என்றால் மின்ட் ஓடாது; ஆன்டிஎக்ஸின் 32 பிட் பதிப்பைப் போடுங்கள்.

“ஹெல்த் குட்” என்ற ஒற்றை வார்த்தையை நம்பிவிடாதீர்கள். பார்க்க வேண்டியது நான்கு எண்கள். 5 என்ற வரிசை, ஏற்கெனவே கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டார்கள். 197, படிக்க முடியாமல் தொங்கிக்கொண்டிருப்பவை. 198, சோதனையில் திருத்தவே முடியாது என்று தெரிந்தவை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் 197, 198 இரண்டும் சி5, சி6 என்று பதினாறடிமான எண்ணில் இருக்கும். இவற்றின் மூல மதிப்பு 0 ஆக இருப்பதே சரி. 5-இல் ஒன்றிரண்டு இருந்து நாள்கணக்கில் ஏறாமல் நின்றால் கவனத்தோடு ஓட்டலாம். 197 ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கை நம்பக் கூடாது. பூட் கோப்புகள் அப்படி ஒரு செக்டாரில் மாட்டிக்கொண்டால்தான் விண்டோஸ் லோகோவில் மணிக்கணக்காக நிற்கும். நான்காவது 199, அதாவது சி7: டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே தகவல் சிதைந்த தடவைகள். இது மட்டும் ஏறி மற்ற மூன்றும் 0 என்றால் டிஸ்க் நிரபராதி. கேபிளையோ கனெக்டரையோ பாருங்கள்.

எண்கள் மோசமாக இருந்தால் வேறெந்தச் சரிசெய்யும் வேலைக்கும் முன் கோப்புகளை வெளியே எடுங்கள். முக்கியமானதை முதலில்: படங்கள், ஆவணங்கள், கணக்கு வழக்குகள். சினிமாவும் பாட்டும் பிறகு. சாதாரண காப்பி ஒரு கோப்பில் மாட்டி நின்றால் அதை விட்டுவிட்டு அடுத்த ஃபோல்டருக்குப் போங்கள். மொத்த டிஸ்க்கும் வேண்டும் என்றால் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற கட்டளை இருக்கிறது. முதல் சுற்றில் மைனஸ் என் கொடுத்தால் கெட்ட இடங்களைத் தாண்டி நல்லதையெல்லாம் வேகமாக அள்ளும். இரண்டாம் சுற்றில் மைனஸ் ஆர்3 கொடுத்தால் விட்டுப்போன இடங்களில் மூன்று தடவை முயலும். இரண்டு சுற்றுக்கும் ஒரே மேப் ஃபைலை (எதுவரை எடுத்தாயிற்று என்று குறித்துவைக்கும் கோப்பு) கொடுக்க வேண்டும்; அப்போதுதான் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். எது பழைய டிஸ்க், எது புதியது என்று கொள்ளளவையும் மாடலையும் இரண்டு தடவை சரிபாருங்கள். இடம் மாற்றி அடித்தால் காலி டிஸ்க் உங்கள் கோப்புகளின் மேல் எழுதப்பட்டுவிடும். அதற்கு மீட்பே கிடையாது.

செக்டிஸ்க் ஆர் என்ற கட்டளையைக் கோப்புகளை எடுக்கும் முன் ஓட்டாதீர்கள். அது கோப்புகளைக் காப்பாற்றுவதற்கான கருவி அல்ல, ஃபைல் சிஸ்டத்தை ஒழுங்குபடுத்துவதற்கானது. சாகும் டிஸ்க்கை மணிக்கணக்கில் அடித்துப் படிக்கும். படிக்க முடியாத துண்டுகளை வெட்டியும்விடும்.

டிஸ்க் நலம், பூட் நிரல்தான் போய்விட்டது

எண்களெல்லாம் 0. கோப்புகளும் தெரிகின்றன. அப்படியானால் பூட் நிரலை மட்டும் திரும்ப எழுதலாம். உள்ளே இருக்கும் அதே விண்டோஸ் பதிப்பின் பென் டிரைவில் பூட் செய்து, “ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்” வழியாகப் போங்கள். விண்டோஸ் 7 பென் டிரைவை நீல நிற யூஎஸ்பி 3.0 போர்ட்டில் செருகாதீர்கள். அதற்கான டிரைவர் அதில் இல்லை. ஸ்டார்ட்அப் ரிப்பேர் ஒரே சுற்றில் எல்லாவற்றையும் சரிசெய்யாது. ரீஸ்டார்ட் செய்து மூன்று தடவை வரை ஓட்டுங்கள்.

அப்படியும் வரவில்லையென்றால் கமாண்டு பிராம்ட்டைத் திறந்து டிஸ்க்பார்ட்டில் “லிஸ்ட் வால்யூம்” அடியுங்கள். இங்கே டிரைவ் எழுத்துகள் மாறித்தான் தெரியும். வழக்கமான சி, இங்கே டி ஆக இருக்கலாம். அளவை வைத்து அடையாளம் காணுங்கள். லெகஸி லேப்டாப்பில் விண்டோஸ் 7 போட்டிருந்தால் சிஸ்டம் ரிசர்வ்ட் என்ற 100 எம்பி பார்ட்டிஷன் இருக்கும், ஆக்டிவ் ஆக வேண்டியது அதுதான். தெரியாமல் வேறு பார்ட்டிஷனை ஆக்டிவ் செய்துவிட்டால் “பூட்எம்ஜிஆர் மிஸ்ஸிங்” வரும். சிஸ்டம் ரிசர்வ்டைத் தேர்ந்து “ஆக்டிவ்” அடித்து வெளியே வந்து, பூட்ரெக் கட்டளையை ஃபிக்ஸ்எம்பிஆர், ஃபிக்ஸ்பூட், ரீபில்ட்பிசிடி என்ற மூன்று வாலோடும் வரிசையாக ஓட்டுங்கள். டிஸ்க்பார்ட்டில் இருக்கும்போது “கிளீன்” என்ற சொல்லை மட்டும் அடித்துவிடாதீர்கள். கேள்வி கேட்காமல் பார்ட்டிஷன் எல்லாவற்றையும் துடைத்துவிடும். யூஇஎஃப்ஐ லேப்டாப் என்றால் பூட்ரெக்கை விட பிசிடிபூட் என்ற கட்டளை நம்பகமானது. 100 எம்பி அளவில் ஃபேட்32 ஆக இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு ஒரு எழுத்தைக் கொடுத்து, விண்டோஸ் ஃபோல்டரையும் அந்த எழுத்தையும் சுட்டிக்காட்டினால் பூட் கோப்புகளைப் புதிதாக எழுதிவிடும்.

லினக்ஸும் விண்டோஸும் சேர்ந்திருந்தால் ஃபிக்ஸ்எம்பிஆர் வேண்டாம்; அது கிரப்பை அழித்து விண்டோஸை மட்டும் விட்டுவைக்கும். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. இடம் வேண்டும் என்று விண்டோஸிலிருந்தே அந்த லினக்ஸ் பார்ட்டிஷனை டெலீட் செய்தால், அடுத்த தடவை ஆன் செய்யும்போது “கிரப் ரெஸ்க்யூ” என்று நின்றுவிடும். கிரப்பின் மீதிப் பாகம் அந்தப் பார்ட்டிஷனில்தான் இருந்தது. லினக்ஸ் இனி வேண்டாம் என்றால் அப்போது ஃபிக்ஸ்எம்பிஆரே சரியான மருந்து. லினக்ஸ் இன்னும் இருக்கிறது, வேண்டும் என்றால் மின்ட் லைவ் பென் டிரைவில் இருக்கும் பூட் ரிப்பேர் செயலி கிரப்பைத் திரும்ப எழுதித் தரும்.

டிஸ்க்கை மாற்றும்போது

மாற்றுவது என்று முடிவானால் எஸ்எஸ்டிதான் (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்). 240 அல்லது 256 ஜிபி, 2.5 அங்குல சாட்டா போதும். போர்டு பழைய 3 ஜிகாபிட் சாட்டாவாக இருந்தால் விலை உயர்ந்த மாடலுக்குச் செலவழிப்பது வீண். விநாடிக்கு சுமார் 270 எம்பிக்கு மேல் அது போகாது. அப்படியிருந்தும் பழைய டிஸ்க்கோடு ஒப்பிட்டால் லேப்டாப் புதிதாகப் பிறந்ததுபோல் ஓடும். எஸ்எஸ்டியின் தடிமன் 7 மிமீ, பழைய டிஸ்க் 9.5 மிமீ. இடைவெளிக்குச் சட்டம் ஒட்டாமல் விட்டால் கனெக்டர் ஆடி, சில மாதத்தில் இதே கோளாறோடு திரும்ப உட்கார வேண்டியிருக்கும்.

பழையதைக் குளோன் செய்தால் (அப்படியே புதியதில் நகலெடுத்தால்) சி டிரைவை மட்டும் நகலெடுக்காதீர்கள். சிஸ்டம் ரிசர்வ்ட் பார்ட்டிஷனும் சேர்ந்து வர வேண்டும். புது எஸ்எஸ்டி பூட் ஆகவில்லை என்று வரும் புகார்களில் நிறைய இந்த இடத்தில்தான் முடிகின்றன. முதல் தடவை பூட் செய்யும்போது பழைய டிஸ்க் இணைப்பில் இருக்கக் கூடாது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. இந்த வயது லேப்டாப்களில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. எஸ்எஸ்டி போடும் கையோடு மின்டையே நிரந்தரமாகப் போட்டுக்கொள்வது நல்லது.

டிஸ்க்கும் நலம், கேபிளும் நலம், இன்னும் தெரியவில்லை

உங்கள் டிஸ்க் வேறு லேப்டாப்பில் ஓடுகிறது. நல்ல டிஸ்க் ஒன்று இந்த லேப்டாப்பில் தெரியவில்லை. அப்போது குற்றவாளி போர்டில் இருக்கும் சாட்டா போர்ட்டோ சிப்செட்டோதான். 2011 ஜனவரி 31 அன்று இன்டெலே தன் 6 சீரிஸ் சிப்செட்டில் 3 ஜிகாபிட் சாட்டா போர்ட்கள் நாளடைவில் தேயும் குறை இருப்பதாக அறிவித்துத் திரும்ப வாங்கிக்கொண்டது. ஆனால் பெரும்பாலும் போர்ட் போவதற்குக் காரணம் கீழே விழுவதும், தண்ணீர் சிந்துவதும், சாலிடர் விடுவதும்தான்.

சிப் வேலைக்குக் கேட்கும் கூலி பழைய லேப்டாப்பின் மதிப்பைத் தாண்டிவிடும். அதற்கு முன் இரண்டு வழி உண்டு. டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கேடி (டிஸ்க்கைத் தாங்கும் சட்டம்) மாட்டி அதில் எஸ்எஸ்டியைப் போடலாம். அது வேறு சாட்டா போர்ட். கேடி வாங்கும் முன் டிவிடி டிரைவின் தடிமன் 9.5 மிமீயா 12.7 மிமீயா என்று அளந்துகொள்ளுங்கள். அங்கிருந்து பூட் செய்ய மறுக்கும் பயாஸ்களும் உண்டு என்பதால், டிவிடி டிரைவ் பயாஸில் தெரிகிறதா, பூட் வரிசையில் வருகிறதா என்று முன்பே பாருங்கள். அதுவும் முடியாவிட்டால் எஸ்எஸ்டியை யூஎஸ்பி பெட்டியில் போட்டு, லினக்ஸை அதிலேயே இன்ஸ்டால் செய்து, பயாஸில் யூஎஸ்பியை முதலாவதாக வைத்துவிடுங்கள். கிரப்பை எங்கே எழுதுவது என்று இன்ஸ்டாலர் கேட்கும்போது அதே யூஎஸ்பி டிஸ்க்கைக் காட்ட வேண்டும். யூஎஸ்பி 2.0 வேகம் விநாடிக்கு 30 முதல் 40 எம்பிதான் என்பதால் தொடங்க நேரம் எடுக்கும். பிரவுசர், டைப்பிங், வீடியோ பார்க்கும் வேலைகளுக்குப் போதும். கேபிள் குட்டையாகவும் இறுக்கமாகவும் இருக்கட்டும், ஓடும்போது ஒரு நொடி விட்டாலும் சிஸ்டம் உறைந்துவிடும்.